சீசரைப் படிக்க முடிகிறது, வெர்ஜிலைத் திறந்தால் நின்றுவிடுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: லத்தீன் இலக்கணம் முடிந்துவிட்டது, லத்தீனை லத்தீன் வழியாகவே கற்பிக்கும் ஓர்பெர்க் பாடநூலின் முதல் பாகமும் முடிந்துவிட்டது, சீசரின் போர்க் குறிப்புகளை அகராதி உதவியோடு ஓரளவு படிக்க முடிகிறது. ஆனால் வெர்ஜிலின் காவியமான ஈனியட்டை எடுத்தால் ஒரு நாளைக்கு ஐந்து வரி தாண்டுவதே பெரும்பாடு. ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, வாக்கியம் மட்டும் சேர மாட்டேன் என்கிறது. இடைநிலையில் இருப்பவர் காவியத்துக்குள் எப்படி நுழைவது?

சொல் தெரிந்தும் வாக்கியம் சேரவில்லை என்றால் குறை சொல்வளத்தில் இல்லை, படிக்கும் முறையில் இருக்கிறது. முதலில் கதையை எளிய லத்தீன் உரைநடையில் படித்துவிடுங்கள். அப்புறம் செய்யுளை, அது எந்த வரிசையில் நிற்கிறதோ அதே வரிசையில், வாய்விட்டுப் படியுங்கள். பயனிலையைத் தேடி வரியின் கடைசிக்கு ஓடி, எழுவாயைப் பிடிக்கத் திரும்பி வந்து, சொற்களைப் பிய்த்து அடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். கீழே சொல்வதெல்லாம் இதன் விளக்கம்தான்.

பிய்த்து அடுக்குவது நமக்குப் பழகிய வேலை. பள்ளியில் பொருள்கோள் படித்தவர்களுக்குக் கொண்டுகூட்டு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நம் உரையாசிரியர்கள் 'இதை அதனோடு கூட்டுக' என்று சொல்லிக்கொண்டே போவார்கள். ரோமிலும் அப்படித்தான். கி.பி. 400ஐ ஒட்டி வெர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியுஸ், சிக்கலான இடங்களில் 'ஓர்தோ எஸ்த்', அதாவது 'வரிசை இது', என்று தொடங்கிச் சொற்களை மாற்றி அடுக்கிக் காட்டுவார். லத்தீனைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கே அது தேவைப்பட்டது என்பதில் நமக்கும் கொஞ்சம் ஆறுதல். ஆனால் அவர் அதைச் சிக்கலான இடத்தில்தான் செய்தார். நீங்கள் வரிக்கு வரி செய்தால் புதிர் விடுவிக்கப் பழகுவீர்களே தவிர, படிக்கப் பழக மாட்டீர்கள்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். மேற்கோள்களைத் தமிழெழுத்திலேயே தருகிறேன். வல்லின எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு ஒலிக்கு நிற்கும் என்பதால் மூலநூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் காண்டத்தின் முதல் இரண்டு வரிகள்:

அத் ரேகீன க்ரவீ யம்தூதும் ஸவுகிய கூரா
வுல்னுஸ் அலித் வேனீஸ் எத் கைகோ கர்பிதுர் இக்னீ.

'அத்' என்றால் 'ஆனால்', 'இங்கேயோ' என்று காட்சி திரும்புகிறது. 'ரேகீன', அரசி (டைடோ). இவள்தான் எழுவாயாக இருக்க வேண்டும், வைத்துக்கொள்வோம். 'க்ரவீ', கனமான. இது அரசிக்குரிய அடை இல்லை, விகுதி அப்லேட்டிவ் ('ஆல்' போன்ற பொருள் தரும் வேற்றுமை) அல்லது நான்காம் வேற்றுமை. ஆக, கனமான ஏதோ ஒன்று வரப்போகிறது. அது என்ன என்று தேடி ஓட வேண்டாம், கையில் வைத்துக்கொண்டு நகருங்கள். 'யம்தூதும்', வெகு நேரமாகவே. 'ஸவுகிய', காயம்பட்டவள். இது அரசியோடு சேர்கிறது. காயம் என்றதும் எதனால் என்ற கேள்வி எழுகிறது, கையில் இருக்கும் 'க்ரவீ' அந்த இடத்துக்காகவே காத்திருக்கிறது. 'கூரா', கவலை, காதலின் வேதனை. இப்போது 'கனமான வேதனையால்' என்று மூடிக்கொண்டது. அரசி, கனமான, காயம்பட்டவள், வேதனையால் என்று இரண்டு இணைகள் ஒன்றோடொன்று பின்னி நிற்கின்றன.

இரண்டாம் வரி: காயத்தை, ஊட்டி வளர்க்கிறாள், தன் இரத்த நாளங்களால், கண்ணுக்குத் தெரியாத, அரிக்கப்படுகிறாள், நெருப்பால். 'கைகோ' என்ற அடை முதலில் வந்து தொங்குகிறது, நடுவே வினை, கடைசியில்தான் 'இக்னீ'. எது அவளை அரிக்கிறது என்பது வரி முடியும்வரை மறைந்தே இருக்கிறது, அந்த நெருப்பைப் போலவே. வரிசையை மாற்றி அடுக்கினால் இது போய்விடும்.

இப்படி ஓர் அடை வந்ததும் அதைத் திறந்த கணக்காக மனதில் வைத்து, அதற்குரிய பெயர் வரும்போது மூடுவதுதான் லத்தீன் செய்யுள் வாசிப்பின் அடிப்படைத் திறன். உரைநடையில் இரண்டும் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும், அதனால் அந்தத் திறன் உங்களிடம் வளர்ந்திருக்காது. ஓர் உபாயம் உண்டு. வரியின் நடுவில், மூன்றாம் சீருக்குள், ஓர் இயல்பான நிறுத்தம் விழும். அந்த நிறுத்தத்துக்கு முன் வந்த அடை, பெரும்பாலும் வரியின் கடைசிச் சொல்லோடு சேரும். எப்போதும் இல்லை, ஆனால் முதலில் பந்தயம் கட்ட வேண்டிய இடம் அது.

யாப்பைப் பற்றிப் பலருக்கும் பயம். தேர்வுக்காகத் தாளில் கோடு போட்டு அலகிடும் சடங்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது அர்த்தத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி. காவியம் முழுக்க ஹெக்ஸாமீட்டர்: வரிக்கு ஆறு சீர், முதல் ஐந்து சீரும் நெடிய அசை ஒன்று, குறுகிய அசை இரண்டு (டாக்டில்) அல்லது நெடிய அசை இரண்டு (ஸ்பாண்டி). ஐந்தாம் சீர் ஏறக்குறைய எப்போதும் டாக்டில். ஆறாவது இரண்டே அசை, அதில் முதல் அசை கட்டாயம் நெடியது. இவ்வளவுதான்.

மேலே பார்த்த வரியில் அகரத்தில் முடியும் சொற்கள் மூன்று. அச்சுப் பிரதிகளில் நெடில் குறி இருக்காது, எது எழுவாய், எது அப்லேட்டிவ் என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. யாப்பு சொல்லிவிடும்: 'ரேகீன', 'ஸவுகிய' இரண்டின் கடைசி அசையும் குறுகியதாக இருந்தால்தான் சீர் சரிப்படும், ஆகவே எழுவாய் வேற்றுமை. மூன்றாவதான 'கூரா'வின் ஈறு வரியின் கடைசி அசை, அங்கே எந்த நீளமும் செல்லும். அதற்கு 'க்ரவீ'தான் சாட்சி. காவியத்தின் இரண்டாம் வரி 'வேனித்' என்று முடிகிறது. எகரம் குறிலானால் 'வருகிறான்', நெடிலானால் 'வந்தான்'. கடைசிச் சீரின் முதல் அசை நெடியதாக வேண்டும் என்பதால் 'வந்தான்' என்பது உறுதி.

இதில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் என்று குறிலையும் நெடிலையும் பிரித்துச் சொல்லி வளர்ந்த காது நம்முடையது. ஒற்று இரட்டிப்பதும் நமக்கு இயல்பு. ஆங்கிலம் வழியாக லத்தீனுக்கு வருபவர்கள் இதற்குத்தான் திண்டாடுகிறார்கள். ஆனால் நம் பழக்கத்திலேயே மூன்று கண்ணிகளும் உண்டு. ஒன்று, தமிழ் நேர் நிரை இங்கே பொருந்தாது. நமக்குத் தனிக்குறிலும் நேரசையாகலாம், லத்தீனில் அது குறுகியதுதான். நெடில், அல்லது மெய்யில் முடியும் அசை, இவையே நெடியவை. இரண்டு, சொல்லின் கடைசி ஐகாரத்தை நாம் குறுக்கிச் சொல்வோம். லத்தீனில் 'த்ரோயை', 'ஸைவை' என்பவற்றின் ஐ முழு நீளம். மூன்று, 'எத்' என்பதை 'எத்து' என்று ஓர் உகரம் ஒட்டிச் சொல்லும் பழக்கம். அசை ஒன்று கூடிவிடும், வரி உடைந்துவிடும்.

சொல்லின் கடைசி உயிரோடு அடுத்த சொல்லின் முதல் உயிர் மோதினால் முன்னது விழுந்துவிடும். 'எனக்கு ஒரு' என்பது 'எனக்கொரு' ஆகிற மாதிரிதான். கடைசியில் மகர மெய் இருந்தாலும் அந்த அசை விழும்: 'முல்தும் இல்லெ எத்' என்பது 'முல்தில்லெத்' ஆகிவிடும். படிக்கும்போது இதைச் செய்யாவிட்டால் ஓசை கிடைக்காது.

ஓசைக்கு எட்டாம் காண்டத்திலிருந்தே இரண்டு வரிகள் போதும். 596ஆம் வரி, குதிரைப்படை ஓடுகிறது: 'க்வத்ருபெதன்தெ புத்ரெம் ஸொனிதூ க்வதித் உங்குல கம்பும்'. முதல் ஐந்து சீரும் டாக்டில். 452ஆம் வரி, ஒற்றைக்கண் அரக்கர்கள் உலைக்களத்தில் கை ஓங்குகிறார்கள்: 'இல்லீ இன்தெர் ஸேஸே முல்தா வீ ப்ராக்கிய தொல்லுன்த்'. முதல் நான்கு சீரும் ஸ்பாண்டி, ஒவ்வோர் அசையும் சம்மட்டி தூக்குகிற சுமை. இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டால் மற்ற வரிகளின் நடை தானாக வாயில் ஏறும். சீருக்குச் சீர் தாளம் தட்டிப் படிப்பதை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. நீளத்தைச் சரியாகக் கொடுத்து, சொல்லின் இயல்பான அழுத்தத்தையும் விடாமல் படியுங்கள்.

உரைநடைப் படிக்கட்டு விஷயத்துக்கு வருகிறேன். செய்யுளோடு மல்லுக்கட்டும்போதே 'என்ன நடக்கிறது?' என்றும் தேட வேண்டியிருந்தால் மூளை இரண்டு வேலை செய்கிறது. கதை முன்பே தெரிந்திருந்தால், அதுவும் லத்தீனிலேயே தெரிந்திருந்தால், பாதிச் சொற்கள் அறிமுகமாகிவிட்டிருக்கும். 14ஆம் லூயி மன்னனின் மகனுக்கென்று 17ஆம் நூற்றாண்டில் ஒரு பாடநூல் வரிசையே தயாரித்தார்கள். அதில் ஷார்ல் த லா ரூ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1675இல் கொண்டுவந்த வெர்ஜில் பதிப்பில், மேலே செய்யுள், அதன் கீழே லத்தீன் உரைநடை, அதற்கும் கீழே குறிப்புகள். ஓர்பெர்க்கின் இரண்டாம் பாகமான 'ரோமா ஏதெர்னா' இதே எண்ணத்தை இன்னும் சுலபமாக்குகிறது. அதன் 37 முதல் 40 வரையான அத்தியாயங்கள் ட்ராய் வீழ்ச்சி தொடங்கி டைடோவின் முடிவு வரை ஈனியட் கதைதான், பெரும்பகுதி உரைநடையில்.

சொல்லிக்கொடுப்பவராக இருந்தால் நீங்களே தயாரிக்கலாம். மேலே பார்த்த இரண்டு வரிக்கு நான் இப்படி எழுதிக் கொடுப்பேன்: 'ரேகீன அவுதெம் யம் தியூ க்ரவீ அமோரெ வுல்னெராத எஸ்த். வுல்னுஸ் ஸுவும் அலித் எத் ஒக்குல்தோ இக்னெ கோன்ஸூமிதுர்.' மூலத்தின் முக்கியச் சொற்கள் சில அப்படியே இருக்க வேண்டும், அரிய சொற்களுக்குப் பதில் தெரிந்த சொல், தொங்கும் அடைகள் பெயருக்குப் பக்கத்தில். எல்லாவற்றையும் மாற்றி எளிமைப்படுத்தினால் படிக்கட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும். அப்புறம் முக்கியமான ஒன்று: செய்யுளைத் தொடங்கியதும் உரைநடைத் தாளை மூடி வைக்கச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண் சுலபமானதற்குத்தான் போகும்.

மொழிபெயர்ப்பு பார்க்கலாமா என்று கேட்பார்கள். முந்தின நாள் ஒரு முழுக் காண்டத்தையும் மொழிபெயர்ப்பில் கதையாகப் படித்துவிடுவதில் தவறே இல்லை. வரிக்கு வரி எட்டிப் பார்ப்பதுதான் கெடுதல்.

இன்னோர் இடத்தையும் காட்டியாக வேண்டும். ட்ராய் எரிகிறது, கிழ மன்னன் ப்ரியாம் ஆயுதம் தரிக்கிறான் (இரண்டாம் காண்டம், 509 முதல்):

அர்ம தியூ ஸெனியொர் தேஸ்வேத த்ரெமென்திபுஸ் ஐவோ
கிர்கும்தத் நேக்வீக்வம் உமெரீஸ் எத் இனூதிலெ ஃபெர்ரும்
கிங்கிதுர், அக் தென்ஸோஸ் ஃபெர்துர் மொரிதூருஸ் இன் ஹொஸ்தீஸ்.

வரிசையிலேயே எடுத்தால்: கவசம், நெடுநாளாக, முதியவன், பழக்கம் விட்டுப்போன, நடுங்கும், மூப்பினால், சுற்றி அணிகிறான், வீணாக, தோள்களில், பயனில்லாத வாளையும் இடையில் கட்டுகிறான், நெருங்கி நிற்கும், பாய்கிறான், சாகப்போகிறவன், பகைவர் நடுவே. 'நடுங்கும்' என்ற சொல் முதல் வரியில் வந்துவிடுகிறது. எது நடுங்குகிறது என்று தெரிய அடுத்த வரியில் 'வீணாக' என்பதையும் தாண்ட வேண்டும். தோள் வருவதற்குள்ளேயே முயற்சி வீண் என்று கவிஞன் சொல்லிவிட்டான். 'சாகப்போகிறவன்' என்ற ஒற்றைச் சொல்லை 'நெருங்கி நிற்கும்', 'பகைவர்' என்ற இரண்டுக்கும் நடுவில் வைத்திருக்கிறான்; நாலாபுறமும் எதிரிகள், உள்ளே கிழவன். அடுக்கி எழுதிய உரைநடையில் செய்தி மட்டும்தான் மிஞ்சும்.

இந்த மூன்று வரியிலேயே செய்யுள் இலக்கணமும் கொஞ்சம் கிடைக்கிறது. 'ஹொஸ்தீஸ்' என்பது இரண்டாம் வேற்றுமைப் பன்மை. பாடநூலில் நீங்கள் படித்தது ஏகார வடிவம். இந்த ஈகார வடிவம் தெரியாமல் ஒருமை என்று நினைத்துத் தடுமாறுபவர்களே அதிகம். 'கிங்கிதுர்' செயப்பாட்டு வடிவம், ஆனால் தனக்குத்தானே கட்டிக்கொள்வது, செயப்படுபொருளும் எடுக்கிறது. இவை தவிர, முன்னிடைச்சொல் இல்லாமலே 'இத்தாலிக்கு' என்று பொருள் தரும் 'ஈதலியம்', 'ஸுபெரோரும்' என்பதற்குப் பதில் 'ஸுபெரும்', இறந்தகாலப் பன்மையில் 'ஏருன்த்' என்பதற்குப் பதில் 'ஏரெ', விடுபட்டுப்போகும் 'எஸ்த்'. ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தால் போதும், தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

சொற்களுக்கு நம் நிகண்டு முறை நன்றாக வேலை செய்யும். அகர வரிசைப் பட்டியல் வேண்டாம், பொருள் வாரியாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். கடலுக்கு மரெ, ஐக்வொர், பொன்துஸ், அல்தும், ஃப்ரெதும். கப்பலுக்கு நாவிஸ், ரதிஸ். போதாதென்று கப்பலின் பின்பகுதியைச் சொல்லும் புப்பிஸ், அடிமரத்தைச் சொல்லும் கரீன. வாளுக்கு என்ஸிஸ், ஃபெர்ரும், முக்ரோ. பெயர்களுக்கும் இதே வைத்தியம். கிரேக்கர்கள் தனாயீ, அகீவீ, அர்கீவீ, பெலஸ்கீ என்று வருவார்கள். ட்ராய்க்காரர்கள் தெவுக்ரீ, ஃப்ரிகேஸ், தர்தனிதை. ஜூனோ 'ஸாதுர்னிய', வீனஸ் 'கிதெரேய', அகிலஸ் 'பேலீதேஸ்'. புதிய ஆள் வந்துவிட்டான் என்று குழம்புவதில் பாதி நேரம் போவதைப் பார்த்திருக்கிறேன்.

நீண்ட உவமைகளில்தான் பலர் வழி தவறுவார்கள். தமிழில் 'போல' பின்னால் வரும், லத்தீனில் உவமச் சொல் முன்னால் நிற்கும்: வெலுத், க்வாலிஸ், கெவு. அதைப் பார்த்ததும் கண்ணைக் கொஞ்சம் கீழே ஓட்டி 'ஸீக்' போன்ற மூடும் சொல் எங்கே என்று மட்டும் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். காவியத்தின் முதல் பெரிய உவமை முதல் காண்டம் 148ஆம் வரியில் 'அக் வெலுதீ' என்று தொடங்குகிறது. கலவரம் செய்யும் கூட்டத்தை மதிப்புக்குரிய ஒருவர் பேச்சால் அடக்குவது போல் நெப்ட்யூன் கடலை அடக்குகிறார். 154இல் 'ஸீக்' வந்து கடலுக்குத் திரும்புகிறோம். எல்லை தெரிந்தால் உள்ளே நிதானமாக நடக்கலாம். ஓடிப் பார்க்க நான் அனுமதிக்கும் ஒரே இடம் இதுதான்.

எங்கிருந்து தொடங்குவது? ஈனியட்டின் முதல் வரியிலிருந்து அல்ல. ஓவிடின் மெட்டமார்ஃபஸஸ் முதலில். வாக்கியங்கள் சின்னவை, உயிர் மோதி விழுவது குறைவு, டாக்டில்கள் அதிகம், கதை வேகமாக ஓடும். எட்டாம் காண்டத்தில் டெடலஸ், இகரஸ் கதை 183 முதல் 235 வரை, ஐம்பத்துச் சொச்சம் வரிதான். அதே காண்டத்தில் 611இலிருந்து வரும் பவுகிஸ், ஃபிலேமோன் கதை அடுத்தது. வறுமையிலும் விருந்தோம்பும் கிழத் தம்பதியர், வீட்டுச் சாமான்கள், சமையல் என்று சொற்களும் நிலத்தில் கால் ஊன்றியவை. 1070 வரிகளில் இலியட்டைச் சுருக்கிய 'இலியாஸ் லத்தீனா' என்றொரு நூல் உண்டு, இடைக்காலப் பள்ளிகளில் அதைத்தான் படித்தார்கள். சுலபம்தான், ஆனால் சுவை கம்மி. பயிற்சிக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். காவியக் கவிஞர்களான லூகன், ஸ்டாட்டியஸ் இருவரையும் இப்போதைக்குத் தொட வேண்டாம்.

அப்புறம் ஈனியட் இரண்டாம் காண்டம். 804 வரி, ஆனால் முழுவதும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. மரக்குதிரையை நம்பாதீர்கள் என்று லாவோகோன் ஓடிவந்து கத்தும் 40 முதல் 56, கடலிலிருந்து பாம்புகள் வரும் 199 முதல் 227, ப்ரியாமின் முடிவு 506 முதல் 558. இவை முடிந்தபின் நான்காம் காண்டம், அது 705 வரி. அதை முழுவதும் படியுங்கள். 'அத் ரேகீன' என்ற தொடர் 1, 296, 504 ஆகிய மூன்று வரிகளின் தொடக்கத்தில் வரும், காண்டத்தை மூன்று பகுதியாகப் பிரித்துக்கொள்ள அதுவே கைகாட்டி. ஐந்தாம் காண்டத்து விளையாட்டுப் போட்டிகளும் ஏழாம் காண்டத்துக் கடைசியில் வரும் படை அணிவகுப்பும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிளைடு ஃபாரின் 1930ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஆறு காண்டங்களுக்கும் சொற்பொருளையும் குறிப்பையும் அதே பக்கத்தில் தருகிறது. அகராதி புரட்டும் நேரம் மிச்சமாகும்.

நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வரி போதும். நேற்றைய வரிகளை முதலில் இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள், மொழிபெயர்க்காமல். பிறகு இன்றைய பகுதியின் உரைநடை, பிறகு செய்யுள். ஒரு வரி மூன்றாம் முறையும் திறக்கவில்லை என்றால் செர்வியுஸ் வழியில் அந்த ஒரு வரியை மட்டும் அடுக்கிப் பாருங்கள், உடனே மறுபடி மூல வரிசையில் ஒருமுறை சொல்லிவிட்டு நகருங்கள். நடுவில் பாதியோடு நின்றுபோன வரி எதிர்ப்பட்டால் அச்சுப்பிழையோ என்று தேட வேண்டாம். கி.மு. 19இல் வெர்ஜில் இறந்தபோது நூல் முற்றுப்பெறவில்லை, அப்படி ஐம்பதுக்கு மேற்பட்ட அரைவரிகள் அப்படியே நிற்கின்றன.